மணலில் இறங்கும் முன்

கோல்ஃப் கற்க வருகிறவர்களுக்குப் பந்து புல்லில் கிடக்கும் வரை ஒரு தைரியம் இருக்கும். அது உருண்டு பங்கருக்குள், அதாவது மணல் குழிக்குள் விழுந்ததும் முகம் மாறிவிடும். "எப்படி அடிக்கணும்?" என்று கேட்பவர்கள் குறைவு. "இதுக்குள்ள என்னென்ன செய்யக்கூடாது?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். யாரோ ஒரு மாமா, யாரோ ஒரு மேலதிகாரி, நன்றாக மிரட்டி அனுப்பியிருப்பார். மணலைத் தொட்டால் பெனால்டி, இலையை எடுத்தால் பெனால்டி, மட்டையைக் கீழே வைத்தாலும் பெனால்டி. பாதிக்கு மேல் பழைய கதை.

நான் கொடைக்கானல்காரன். பில்லர் ராக் போகும் வழியில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில், பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலேயே பை தூக்கப் போனவன். வெள்ளைக்காரர்கள் 1895-இல் தொடங்கிய கிளப் அது. ஏறத்தாழ 7,000 அடி உயரம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பனிமூட்டம் வந்து எதிரே இருக்கும் கொடியை மறைத்துவிடும். ஆட்டக்காரரோடு பை தூக்கி நடக்கிறவரை கேடி என்பார்கள். பல வருஷம் கேடியாக நடந்து, அப்புறம் மட்டை பிடிக்கச் சொல்லித்தரும் வேலைக்கு வந்தேன். இப்போது மலையிலும் கீழேயும் மாறி மாறி வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட, பந்து போகக்கூடாத இடத்துக்குப் போனபின் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தருவதில்தான் அதிக நேரம் போகிறது.

மணலில் செய்யக்கூடாதவை உண்மையில் கொஞ்சம்தான். மணல் இறுகிக் கிடக்கிறதா, பொலபொலவென்று இருக்கிறதா என்று கையாலோ மட்டையாலோ மணலைச் சமப்படுத்தும் ரேக்காலோ தொட்டுச் சோதிக்கக்கூடாது. பந்தை ஒட்டி முன்னாலோ பின்னாலோ மட்டையை மணலில் ஊன்றக்கூடாது. ஒத்திகை வீச்சில் மணல் படக்கூடாது. நிஜமாக அடிப்பதற்கு மட்டையைப் பின்னால் இழுக்கும்போதும் படக்கூடாது. மீறினால் ஸ்ட்ரோக் கணக்கில் ஆடும் ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக் கூடும். ஒருவருக்கொருவர் ஆடும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே எதிராளிக்குப் போய்விடும். மணலின் தன்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும், அதனால்தான் இந்தத் தடை. காலை மட்டும் நன்றாகப் புதைத்து நிற்கலாம். அப்படி நிற்கும்போது பாதத்துக்குக் கீழே மணல் எப்படி இருக்கிறது என்று தெரியத்தான் செய்யும். அதை விதி கண்டுகொள்வதில்லை. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் பாதத்தை வைத்தே மணலைப் படித்துவிடுவார்கள்.

மற்றபடி நிறைய அனுமதி உண்டு. இன்னொரு மட்டையைப் பக்கத்தில் மணலிலேயே போட்டு வைக்கலாம். களைப்பாக இருந்தால் மட்டையை ஊன்றிச் சாய்ந்து நிற்கலாம். அடித்த பந்து மறுபடி அதே குழிக்குள் விழுந்தால் ஆத்திரத்தில் மணலை ஓர் அறை அறையலாம், அதற்குக்கூடப் பெனால்டி இல்லை. விதி எழுதியவர்களும் பங்கரில் நின்று ஆடியவர்கள்தானே.

கீழே சமவெளியில் ஒரு கிளப். ஆடத் தொடங்கிச் சில மாதங்களே ஆன ஒரு பெண், பந்துக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த புங்க இலையை இரண்டு விரலால் எடுத்துப் போட்டார். கூட ஆடிய மூத்த உறுப்பினர் ஒருவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "டூ ஸ்ட்ரோக்ஸ்மா. பங்கர்ல எதையும் தொடக்கூடாதுன்னு உங்க கோச் சொல்லித் தரலையா?" கோச் நான்தான், பக்கத்தில் நிற்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், 2019-லேயே மாத்திட்டாங்க சார். இலை, குச்சி, கல் எல்லாம் எடுக்கலாம்" என்றேன். அவர் நம்பவில்லை. செல்போனில் ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதிச் செயலியைத் திறந்து 12-ஆம் விதியைக் காட்டினேன். படித்துவிட்டு, "நாங்க ஆடறப்போ அப்படி இல்லப்பா" என்றார். அது உண்மைதான். 2018 முடியும்வரை இலையைத் தொட்டால் பெனால்டிதான். 34 விதிகளை 24-ஆகச் சுருக்கிய அந்த 2019 மாற்றத்தில்தான் இது போயிற்று. ஒன்றை மட்டும் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன்: இலையை எடுக்கும்போது பந்து அசைந்துவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் கூடும், பந்தைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அதனால் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுள்ளியை விட்டுவிடுவதே புத்தி.

மணல் பெரிய ஆட்டக்காரர்களையும் விட்டுவைத்ததில்லை. 2010-இல் அமெரிக்காவின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். கடைசி ஹோலுக்கு வரும்போது டஸ்டின் ஜான்சன் ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். பந்து வலப்பக்கம் விலகி, பார்வையாளர்கள் மிதித்துத் துவைத்திருந்த ஒரு மணல் திட்டில் நின்றது. வெறும் தரை என்று நினைத்து மட்டையை ஊன்றிவிட்டார். அந்த மைதானத்தில் மணல் இருக்கும் இடமெல்லாம் பங்கர்தான் என்று முன்பே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக் ஏறியது, பிளேஆஃபில் ஆடும் வாய்ப்பே போனது. மார்ட்டின் கைமர் பட்டம் வென்றார். புதியவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வது பயமுறுத்த அல்ல. எந்த மைதானத்துக்குப் போனாலும் ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் உள்ளூர் விதிகளை ஆட்டத்துக்கு முன் படித்துவிடுங்கள் என்பதற்காக. எடுத்துச் சொன்ன பிறகும் படிப்பவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

2016 அமெரிக்க மகளிர் ஓப்பனில் அன்னா நோர்ட்க்விஸ்டுக்கு நடந்தது இன்னும் கொடுமை. பிளேஆஃபில், பங்கரிலிருந்து அடிக்க மட்டையைப் பின்னால் இழுத்தபோது சில மணல் துகள்கள் அசைந்தன. அவருக்கே தெரியவில்லை, தொலைக்காட்சியின் நெருக்கக் காட்சியில் மட்டும் தெரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, பட்டம் பிரிட்டனி லாங்குக்குப் போனது. அடுத்த வருஷமே, வெறும் கண்ணுக்குத் தெரியாததைக் கேமராவை வைத்துக் குற்றமாக்கக் கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திருத்தம் ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் மைதானத்துக்கென்று ஒரு விசேஷம் உண்டு. காட்டுமாடுகள். காலையில் பனி விலகும்போது ஃபேர்வே நடுவில் கரும்பாறை போல நின்று மேய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் ஒதுங்கிக் காத்திருப்போம். அவை பங்கருக்குள்ளும் இறங்கி ஏறும். ஈர மணலில் குளம்பு பதிந்த பள்ளம் ஒவ்வொன்றும் பந்து உட்கார்வதற்கென்றே செய்த கிண்ணம். அதற்குள் பந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது? விலங்கு தோண்டிய வளை என்றால் பெனால்டி இல்லாமல் பந்தை எடுத்து பங்கருக்குள்ளேயே வேறு இடத்தில் டிராப் செய்யலாம், அதாவது கையிலிருந்து கீழே விடலாம். எலியோ முயலோ பறித்த குழிக்கு அந்தச் சலுகை உண்டு. குளம்புத் தடம் வளை ஆகாது. கிடந்தபடியே அடிக்க வேண்டும். அதே காட்டுமாடு பந்துக்குப் பக்கத்தில் சாணி போட்டுவிட்டுப் போயிருந்தால் அதை எடுத்துவிடலாம். விதிப்படி சாணியும் இலையும் ஒரே வகை. ஒரு மாடு பண்ணிய இரண்டு வேலைக்கு இரண்டு நியாயம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாடே பக்கத்தில் நின்றால் சிரிப்பு நின்றுவிடும். பாம்பு, தேனீ, கரடி போல ஆளுக்குப் பலத்த காயம் உண்டாக்கக்கூடிய பிராணி பந்தின் அருகில் இருந்தால், பெனால்டி இல்லாமலே பாதுகாப்பான இடத்தில் டிராப் செய்துகொள்ள விதி இடம் கொடுக்கிறது. பந்து பங்கரில் கிடந்தால் அந்த இடமும் பங்கருக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே எடுத்துப் போனால் ஒரு ஸ்ட்ரோக் விலை.

ஐப்பசி மழையில் பங்கரில் தண்ணீர் தேங்கினாலும் இதே முறைதான். உள்ளேயே தண்ணீர் இல்லாத இடம் இருந்தால் இலவசம். வெளியே வருவதென்றால் ஒரு ஸ்ட்ரோக்.

அடிக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டையின் முகத்தைத் திறந்து பிடியுங்கள். பந்தை முன்காலுக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். பந்தை அடிக்காதீர்கள், அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடியுங்கள். மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடும். இது இவ்வளவு சுலபமானதற்குக் காரணம் ஜீன் சாரஸன். விமானத்தின் வால் பக்கத்துத் தகடு காற்றில் இறங்கி ஏறுவதைப் பார்த்து, மட்டையின் அடிப்பாகத்தைக் கனமாக்கி, மணலைக் குத்தாமல் வழுக்கிப் போகும்படி செய்தார். அந்த மட்டையோடு போய் 1932 பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். இன்று உங்கள் பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் அதன் வாரிசு.

அப்படியும் வெளியே வராவிட்டால்? இரண்டு முறை, மூன்று முறை அடித்து, பந்து சுவரில் மோதி அதே காலடிக்குத் திரும்பி வந்து, பின்னால் அடுத்த குழு இடுப்பில் கை வைத்து நிற்கும்போது ஆட்டக்காரருக்கு வேர்க்கும். அந்த நேரத்துக்கு ஒரு விதி இருக்கிறது, நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாதது. பந்தை 'ஆட முடியாதது' என்று நீங்களே அறிவித்துவிடலாம். யார் அனுமதியும் வேண்டாம். ஒரு ஸ்ட்ரோக் கொடுத்தால் முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகலாம், அல்லது பங்கருக்குள்ளேயே வேறு இடத்தில் டிராப் செய்யலாம். இரண்டு ஸ்ட்ரோக் கொடுத்தால் பங்கரை விட்டே வெளியேறலாம்: கொடியும் பந்து கிடந்த இடமும் ஒரே கோட்டில் வரும்படி பின்னால் போய்ப் புல்லில் டிராப் செய்துகொள்ளலாம். இதுவும் 2019-இல் வந்ததுதான். அந்த வருஷத்து மாற்றங்களில் புதியவர்களுக்கு மிகப் பெரிய உபகாரம் இதுதான் என்பேன். இரண்டு ஸ்ட்ரோக் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள், தாங்கள் மணலில் வீணாக்கியதை எண்ணிப் பார்ப்பதில்லை. நட்புக்கு ஆடும் ஆட்டமென்றால் அதுகூட வேண்டாம், பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடந்துவிடலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பின்னால் நிற்கிறவர்கள் மனசுக்குள் நன்றிதான் சொல்வார்கள்.

தண்ணீருக்கு வருவோம். ஆட்டக்காரர்கள் இன்னும் ஹசார்ட் என்றுதான் சொல்கிறார்கள். விதிப் புத்தகத்தில் இப்போது அது பெனால்டி ஏரியா. ஓடை, குளம், பள்ளம், சில இடங்களில் வெறும் புதர்க்காடுகூட. எல்லையில் மஞ்சள் அல்லது சிவப்புக் குச்சி நட்டிருக்கும். பங்கரில் இருக்கும் கெடுபிடி இங்கே கிடையாது. உள்ளே பந்து ஆடும்படி கிடந்தால் மட்டையை ஊன்றலாம், ஒத்திகை பார்க்கலாம், பெனால்டியே இல்லாமல் அடிக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் எங்கள் மலைப்பள்ளத்தில் இறங்கினால் காலில் அட்டை ஏறும். ஒரு ஸ்ட்ரோக்கை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று ஸ்ட்ரோக்கும் கொஞ்சம் இரத்தமும் கொடுத்துவிட்டு வருவார்கள்.

பெனால்டி கொடுத்து வெளியே ஆடுவதில்தான் குழப்பம் அதிகம். ஒரு இளைஞர், கோயம்புத்தூர்க்காரர். டீயிலிருந்து, அதாவது ஹோலின் தொடக்க இடத்திலிருந்து, அடித்த பந்து ஓடையின் இந்தப் பக்கத்துக் கரையைத் தாண்டி உள்ளே போய், தண்ணீரில் உருண்டு, ரொம்ப தூரம் தள்ளி ஒரு பாறையில் முட்டி நின்றது. அவர் நேராகப் பாறைக்கு எதிரே போய் நின்றார்.

"அண்ணே, இங்க போட்டுக்கலாமா?"

"பந்து எங்க நிக்குதுங்கிறது கணக்கில்ல தம்பி. கடைசியா கரையத் தாண்டி எங்க உள்ள போச்சுங்கிறதுதான் கணக்கு."

"அது ரொம்பப் பின்னாடி இருக்கே?"

"ஆமா. அங்கதான் வரணும்."

சிவப்புக் குச்சி என்றால், பந்து எல்லையைக் கடந்த அந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு இன்னும் கிட்டே போகாமல் டிராப் செய்யலாம். மட்டை நீளம் என்பது உங்கள் பையில் பட்டரைத் தவிர்த்து எது நீளமோ அது. மஞ்சள் குச்சிக்கு இந்தப் பக்கவாட்டுச் சலுகை இல்லை. கொடிக்கும் கடந்த இடத்துக்கும் கோடு பிடித்துப் பின்னால் போக வேண்டும், அல்லது பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. தோள் உயரத்தில் கை நீட்டிப் போடுவது 2018-ஓடு போய்விட்டது, பழைய ஆட்கள் கை மட்டும் இன்னும் மறக்கவில்லை. கணக்கும் எளிது: டீயிலிருந்து அடித்தது ஒன்று, பெனால்டி ஒன்று, இனி அடிப்பது மூன்றாவது. 1744-இல் எடின்பரோவை ஒட்டிய லீத்தில் எழுதிய முதல் விதித் தொகுப்பில் மொத்தமே 13 விதிகள். அதிலேயே தண்ணீரில் விழுந்த பந்துக்கு ஒரு விதி இருக்கிறது: எடுத்துப் பின்னால் வைத்து ஆடு, எதிராளிக்கு ஒரு ஸ்ட்ரோக் கொடு. இத்தனை காலம் கழித்தும் விலை ஏறவில்லை.

பனிமூட்டத்தில் ஒரு சிக்கல் வரும். பந்து ஓடைப்பக்கம் போனது போலிருந்தது, விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. "தண்ணியிலதான் போயிருக்கும்" என்று நமக்கு வசதியாக முடிவு கட்டக்கூடாது. தண்ணீரில்தான் விழுந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது அநேகமாக நிச்சயமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தொலைந்த பந்து. மூன்று நிமிஷம் தேடிக் கிடைக்கவில்லையென்றால் ஒரு ஸ்ட்ரோக்கோடு பழைய இடத்துக்கு நடக்க வேண்டியதுதான். பந்து எங்கே கடந்தது என்பதை கூட ஆடுகிறவர்களிடம் கேட்டுச் சேர்ந்து முடிவு செய்வது நல்லது. சும்மா போட்டுக்கொண்டு ஆடினால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் கேடிகளுக்கு அது தெரியும், மலையிறங்குவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

விதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். எனக்குக் கற்றுக்கொடுக்கக் கஷ்டமாக இருப்பது மரியாதை. பங்கரில் இறங்கும்போது பந்துக்குக் கிட்டே, கரை தாழ்ந்திருக்கும் பக்கமாக இறங்க வேண்டும். உயரமான முகப்பில் ஏறினால் கரை சரியும். அடிக்கிறவர் கண்ணில் படாத இடத்தில் நிற்க வேண்டும், நிழல் அவர் பந்தின் மேல் விழக்கூடாது. தன் முறை வந்து, அடிக்க எந்தத் தடையும் இல்லையென்றால் நாற்பது விநாடிக்குள் அடித்துவிடுவது முறை. அடித்தபின் பந்து விழுந்த குழியை மட்டுமல்ல, தான் நடந்து வந்த தடத்தையும் ரேக்கால் சமப்படுத்திக்கொண்டே பின்வாங்கி வெளியேற வேண்டும். "கேடி பாத்துக்குவான்" என்று ரேக்கைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. கேடி செய்வார்தான். ஆனால் கேடிக்கு நாலு பேர் பை, கிரீனில் கொடி, புல்வெளியில் பெயர்ந்த மண்கட்டி. எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த கேடி ஒருவர், உறுப்பினர்களுக்கு அதைச் சொல்ல முடியாததால் எங்களிடம் சொல்வார்: "டேய், பின்னாடி வர்றவன் உன் கால்தடத்துல நின்னு ஆடணுமாடா?"

அந்தப் பின்னால் வருகிறவருக்கு விதி எந்த உதவியும் செய்வதில்லை. நீங்கள் சமப்படுத்தாமல் விட்ட கால்தடத்தில் அவர் பந்து விழுந்தால், காட்டுமாட்டின் குளம்புத் தடத்தைப் போலவே, கிடந்தபடிதான் ஆட வேண்டும். ஒரு சலுகையும் இல்லை. கொரோனா வந்த 2020-இல் தொற்றுக்குப் பயந்து உலகம் முழுக்கப் பல மைதானங்களில் ரேக்கை எடுத்துவிட்டார்கள். காலால் தேய்த்துவிட்டுப் போனால் போதும் என்றார்கள். அந்த நேரத்தில் ஆடத் தொடங்கியவர்கள் பலருக்கு ரேக் பிடிக்கும் பழக்கமே வரவில்லை. மாட்டைக் குறை சொல்ல முடியாது. அதற்கு ரேக் பிடிக்கத் தெரியாது.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரேக் வழக்கமாகப் பங்கருக்கு வெளியே புல்லில் கிடக்கும். அடித்தபின் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனால், பந்து நன்றாகப் போன சந்தோஷத்தில் கால் கிரீன் பக்கம்தான் நடக்கும். சாண்ட் வெட்ஜோடு சேர்த்து ரேக்கையும் கையோடு கொண்டு இறங்குங்கள். பந்திலிருந்து கொஞ்சம் தள்ளி மணலிலேயே போட்டு வைக்கலாம். அதற்குப் பெனால்டி கிடையாது.